18 ராத்திரி, ஓர் உடுக்கை

1965-ஆம் வருஷம். காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையம் கிராமம். ராத்திரி நேரம். ஜனங்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே இரண்டு பாட்டுக்காரர்கள். ஒருவர் கையில் உடுக்கை. பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்!

பெயர் பிரெண்டா பெக். ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர் பட்டத்துக்காகக் கொங்கு நாட்டுச் சமூகத்தை ஆராய வந்தவர். வந்த இடத்தில் உடுக்கைச் சத்தம் அவரைப் பிடித்துக்கொண்டது. 18 ராத்திரி நடந்த பாட்டு, டேப்பில் 38 மணி நேரமாக ஏறியது.

நான் படித்தது பி.காம். எதைக் கேட்டாலும் கை தானாக வகுத்துப் பார்க்கும். ராத்திரிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இது பெரிய விஷயமில்லை. ஒரே கதைக்காக ஒரு ஊர் 18 ராத்திரி ஒதுக்கியதே, அதுதான் பெரிய விஷயம்.

அப்படி என்ன கதை?

அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் என்றால் சட்டென்று புரியும். 2011-ல் பிரசாந்த் நடித்துப் படமாக வந்ததே, கலைஞர் எழுதிய நாவல், அந்தக் கதையேதான். ஆனால் நாவலுக்கும் படத்துக்கும் ரொம்ப முன்னாலேயே கொங்குக் கிராமங்களில் அது உடுக்கடிப் பாட்டாக ஓடிக்கொண்டிருந்தது.

கதை ராஜகுமாரர்களிடம் தொடங்கவில்லை. நிலத்தில் தொடங்குகிறது. அப்பனை இழந்த பையன் குன்னுடையான். பங்காளிகள் அவனுடைய சொத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுகிறார்கள். அவன் கூலிக்கு வேலை பார்த்து வளர்கிறான். தாமரையைக் கல்யாணம் கட்டிக்கொண்டு திரும்பி வருகிறான். குழந்தை இல்லை. தாமரை 21 வருஷம் தவம் இருக்கிறாள். ஒரே பிரசவத்தில் மூன்று பேர் பிறக்கிறார்கள். பொறுமைசாலியான மூத்தவர் பொன்னர், முன்கோபியான இளையவர் சங்கர், நடக்கப்போவதை முன்கூட்டியே அறியும் தங்கை தங்காள்.

பிறகு வேட்டுவர்களோடு பகை. கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வந்து வயலைப் பாழாக்குகிறது. கலப்பைக்கும் காட்டுக்கும் நடந்த பழைய சண்டை என்றே இதைப் படிக்கலாம். கடைசியில் போர். ஜெயித்த அண்ணன்மார் இருவரும் பதினாறு வயதில் தங்கள் வாளிலேயே விழுந்து சாகிறார்கள்.

இதை எப்படி நடத்துவார்கள்?

மேடை, திரை எதுவும் வேண்டியதில்லை. முதன்மைப் பாடகர் ஒரு கையில் உடுக்கையைப் பிடித்து, இடுப்புக் கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் அடிப்பார். இறுக்கினால் உடுக்கை கெஞ்சும், விட்டால் உறுமும். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வசனம். பக்கத்துக்காரர் பின்பாட்டுப் பாடுவார், ‘ஆமா’ போடுவார். முதன்மைப் பாடகரே தாமரையாக அழுவார், சங்கராகப் பாய்வார், பன்றியாகவும் உறுமுவார். ஒரே ஆளுக்குள் ஒரு நாடகக் கம்பெனி!

தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா உண்டு. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, ஆண்களே பெண் வேஷமும் கட்டி ஆடும் தெலுங்கு நாட்டிய நாடகம். அதற்கு நாயக்க மன்னர் கொடுத்த நிலம் இருந்தது. வெங்கடராம சாஸ்திரி எழுதிவைத்த நாடகங்கள் இருந்தன. உடுக்கடிப் பாட்டுக்கு அரண்மனை கிடையாது. அதன் ஒரே சொத்து, எதிரே உட்கார்ந்திருந்த கூட்டம்.

அந்தக் கூட்டம் எங்கே போச்சு? திருப்பூருக்குத்தான்.

1925 வாக்கில் சிறிதாகத் தொடங்கிய பனியன் தொழில், 1970-களின் கடைசியில் ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. எண்பதுகளில் வேகம் பிடித்தது. மானாவாரிக் காட்டை நம்ப முடியாத குடும்பங்கள் ஊசிக்கும் நூலுக்கும் மாறின. அண்ணன் தம்பி சேர்ந்து கம்பெனி போட்டார்கள். சேர்ந்தவர்கள் பிரிந்தார்கள். பங்காளி என்ற சொல்லுக்கு இந்த ஊரில் எத்தனை அர்த்தம் உண்டு என்று ஆடிட்டர்களைக் கேட்டால் தெரியும். குன்னுடையான் கதை பார்ட்னர்ஷிப் டீடாக மறுபடி எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

ஆனால் நேரம் மாறிவிட்டது. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது ‘ஒன்றரை ஷிஃப்ட்’. ஷிப்மென்ட் அவசரம் என்றால் விடியவிடிய வேலை. சனிக்கிழமை சம்பளம். இந்தக் கணக்கில் 18 ராத்திரியை எங்கே செருகுவது? கதை பிடிக்காமல் யாரும் எழுந்து போகவில்லை. உட்கார நேரமில்லை.

‘அதான் டேப் இருக்கிறதே?’ என்பீர்கள். இருக்கிறது. 1971-ல் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த புத்தகம் இருக்கிறது. பெக்கின் ஆராய்ச்சி நூல் 1982-ல் வந்தது. தலைப்புக்கே ‘மூன்று இரட்டையர்’ என்றுதான் அர்த்தம். அவருடைய இருமொழிப் பதிப்பு 1992-ல் சென்னையில் வெளியானது. அதன்பிறகு அனிமேஷன் தொடராகவும் எடுத்தார்.

ஆனால், பெக் செய்த இன்னொரு காரியத்தைக் கவனியுங்கள். கூட்டத்துக்கு முன்னால் பாடிய அதே பாடகரை, தனியாக உட்கார்ந்து கதையைச் சொல்லச் செய்து எழுதி வாங்கினார். இரண்டையும் ஒப்பிட்டார். ஆள் ஒன்று, கதை ஒன்று. ஆனாலும் பாடியதும் சொன்னதும் ஒரே பிரதி ஆகவில்லை. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் கதையின் ஒரு பாகம். அண்ணன்மாரைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர் காதில் விழுவது ஒன்று. தோற்றவர்கள் பக்கம் உட்கார்ந்து கேட்டால் விழுவது வேறு. டேப்பில் பதிவானது ஒரு கூட்டம் கேட்ட 18 ராத்திரி. அது பொக்கிஷம்தான். ஆனால் அதுவே முழுக் கதை என்று வைத்துக்கொண்டால், அடுத்த பாடகர் வாயைத் திறக்க வேண்டியதே இல்லையே!

மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூர். மாசித் திருவிழாவில் அங்கே ‘படுகளம்’ நடக்கும். அண்ணன்மாரின் ஆட்கள் மடிந்ததைப் போலவே பக்தர்கள் அருள் வந்து தரையில் விழுந்து கிடப்பார்கள். பேச்சு மூச்சு இருக்காது. கதையில் தங்காள் வந்து அண்ணன்மாரை எழுப்புவாள் இல்லையா, அதேபோல இவர்கள்மீதும் தீர்த்தம் தெளிக்கப்படும். ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள்.

கதையில் எழுந்த அண்ணன்மார் கொஞ்ச நேரம்தான் பேசுவார்கள். பிறகு போய்விடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் தங்காள் காடெல்லாம் அலைந்தாள்.

உடுக்கையும் இப்போது படுகளத்தில் கிடக்கிறது. எழுப்ப 18 ராத்திரி வேண்டாம். ஷிஃப்ட் இல்லாத ஒரே ஒரு ராத்திரி போய் எதிரே உட்காருங்கள். ‘ஆமா’ போட ஆள் இருந்தால் அது பேசும்.