கொசுப்புழுக் கட்டுப்பாடு

கொசுப்புழுக் கட்டுப்பாடு என்பது, கொசுக்கள் நீரில் வாழும் இளம்பருவத்திலேயே அவற்றை அழிக்கும் பொதுச் சுகாதார முறை. சிறகு முளைத்த கொசு தெருவெங்கும் பரவிவிடும். புழுவோ பிறந்த தொட்டியை விட்டு வெளியேற இயலாது. ஆகவே புகைமருந்து அடிப்பதைவிட இம்முறை நிலைத்த பயன் தருகிறது.

வளர்பருவங்கள்

முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்கொசு என நான்கு பருவங்கள் உண்டு. வெயில் மிகுந்த பகுதிகளில் முட்டையிலிருந்து கொசு வெளிவர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். தேங்கிய நீரை வாரம் ஒருமுறை அகற்றவேண்டும் என்பது இக்கணக்கின்படியே.

இனங்களும் இடங்களும்

டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி, வீட்டிலுள்ள தெளிந்த நீரை நாடும். சிமென்ட் தொட்டி, டிரம், பயன்படாத ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவை அதன் இருப்பிடங்கள். நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் அது முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, மீண்டும் நீர் ஏறும்போது பொரிக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் ஸ்டீபன்சி, கிணறுகளிலும் மூடியில்லாத மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகுகிறது. இதன் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். ஏடிஸ், கியூலெக்ஸ் புழுக்கள் தலைகீழாகத் தொங்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இனம் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வளரும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

முதல் வழி, நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது: வேண்டாத பொருள்களை அகற்றுதல், தொட்டிகளை இறுக மூடுதல், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டுதல்.

கிணறு போல வடிக்க இயலாத நீரில் கப்பி, கம்பூசியா மீன்கள் விடப்படுகின்றன. கம்பூசியா உள்நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்பதால் அதை இயற்கை நீர்நிலைகளில் விடுவது தகாது.

1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும் பாக்டீரியாவின் நச்சுப்புரதம், அதை உண்ணும் புழுவின் குடலைச் சிதைக்கிறது. கூட்டுப்புழு எதையும் உண்ணாததால் அதனிடம் இது பலிக்காது.

வேதிமருந்துகளில் பரவலாக அறியப்பட்டது, ‘அபேட்’ என வழங்கும் டெமிபாஸ். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இதைக் கலக்கக் கூடாது. அளவறிந்த சுகாதாரப் பணியாளரே இடவேண்டும். குடிக்கப் பயன்படாத நீரில் படரவிடும் எண்ணெய்ப் படலம் புழுவுடன் கூட்டுப்புழுவையும் மூச்சடைத்துக் கொல்லும்.

கண்காணிப்பு

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று தொட்டிகளைச் சோதிக்கின்றனர். நூறு வீடுகளில் புழு காணப்பட்ட கலன்களின் எண்ணிக்கை ‘பிரேட்டோ குறியீடு’ எனப்படும். ஒரு தெருவில் இது உயர்வது, கொசு பெருகப்போவதை முன்னரே அறிவிக்கும். எந்தக் கலனில் புழு மிகுதி என்ற விவரம், அங்கு எம்முறையைக் கையாளவேண்டும் என்பதைத் தீர்மானிக்க உதவும்.