நண்பனுக்குக் கொடுத்த மருந்து

கனவுக்கு அர்த்தம் சொன்ன சிக்மண்ட் ஃப்ராய்டைத் தெரியும்ல? அவரோட இளவயசுக் கதை இது.

1884-ல வியன்னாவுல கோக்கெய்னைப் புகழ்ந்து ஒரு கட்டுரையே எழுதினார் மனுஷன். அவரோட நண்பர் ஃப்ளைஷ்ல், கைவலிக்கு மார்ஃபின் போட்டுப் போட்டு அதுக்கு அடிமையானவர். அதை விட வைக்கத்தான் கோக்கெய்னைக் கொடுத்தார். கடைசியில நண்பர் ரெண்டுக்கும் அடிமை! 1891-ல, 45 வயசுல செத்தே போனார்.

ஏன் இப்படின்னு அப்போ யாருக்கும் தெரியாது. டோபமைன் மூளைக்குள்ள சேதி கடத்துற ரசாயனம்னு ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் காட்டினதே 1957-58-லதான். நரம்பு செல் டோபமைனை வெளிய விட்டு, வேலை முடிஞ்சதும் திரும்ப உறிஞ்சிக்கும். கோக்கெய்ன் அந்த வழியை அடைச்சிடுது. டோபமைன் வெளியவே தேங்கிடுது. மூளையும் 'இன்னும் கொண்டா'ன்னு பழகிடுது.

நல்லெண்ணத்துல கொடுத்தாலும் கோக்கெய்ன் கோக்கெய்ன்தாங்க.