வசூலும் வாசலும்

"உலக வசூலில் முதலிடம்!" என்று முழக்குகிறார்கள். "மூன்றே நாளில் முன்னைய கணக்கெல்லாம் முறியடிப்பு!" என்று முரசறைகிறார்கள். எண்ணைக் கண்டதும் வாய் அடைத்துப் போகிறது; எதிர்க்கேள்வி எழ மறுக்கிறது. பெரியவர் சொல்லிவிட்டார், பேசாதே என்ற காலத்தைத் தாண்டி வந்தவர்கள் நாம். எண் சொல்லிவிட்டது, பேசாதே என்றால் மட்டும் கைகட்டி நிற்கலாமா? எதை எண்ணினார்கள்? எப்படிப் படத்தை வெளியிட்டு எண்ணினார்கள்? எண்ணுவதற்கு முன்னே எவரை உள்ளே விட்டார்கள், எவரை வெளியே நிறுத்தினார்கள்? திரைப்பட வரலாற்றிடம் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம், தோழர்களே!

எதை எண்ணினார்கள்? அமெரிக்கர் டாலரை எண்ணுகின்றனர். பிரெஞ்சுக்காரர் தலைகளை எண்ணுகின்றனர். இத்தனை பேர் நுழைவுச்சீட்டு வாங்கினர் என்பதுதான் பிரான்சில் ஒரு படத்தின் வெற்றிக்கு அளவுகோல். 1966-ல் வெளிவந்த 'லா கிராந்த் வத்ரூய்' என்னும் நகைச்சுவைப் படத்தை 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தனர். 1998-ல் அங்குத் திரையிடப்பட்ட 'டைட்டானிக்' 2 கோடியைத் தாண்டியது. கட்டணம் ஏறினாலும் நாணய மதிப்பு இறங்கினாலும், தலை தலைதான். ஆகவே இரண்டு காலங்களை அருகருகே நிறுத்திப் பார்க்க முடிகிறது. சோவியத் நாடும் தலைகளையே எண்ணியது. 1954-ல் ராஜ் கபூரின் 'ஆவாரா' அங்கே 6 கோடிக்கு மேற்பட்ட மக்களை ஈர்த்தது. டாலர்ப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். அந்த ஆறு கோடிப் பேர் எந்த மூலையிலும் தென்படமாட்டார்கள்.

டாலர்க் கணக்கு செய்யும் மாயத்துக்கு இன்னொரு சான்று: 1939-ல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' அமெரிக்காவில், பல மறுவெளியீடுகளையும் சேர்த்து, ஈட்டியது ஏறத்தாழ 20 கோடி டாலர். 2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' ஈட்டியது 85 கோடிக்கு மேல். பணத்தைப் பார்த்தால் பிந்தியது நான்கு மடங்கு பெரிது. ஆனால் 1939-ல் அங்குச் சராசரி நுழைவுக் கட்டணம் 23 சென்ட். 2019-லோ 9 டாலருக்கு மேல். சீட்டுகளை மதிப்பிட்டவர்கள் பழைய படத்துக்கு ஏறத்தாழ 20 கோடிச் சீட்டுகள் என்கின்றனர். புதிய படம் அதில் பாதியையும் எட்டவில்லை. முதலாவது கடைசியாகிறது, கடைசி முதலாவதாகிறது! அதற்காகத் தலைக்கணக்கே தவறாத் தராசு என்றும் கூறிவிட முடியாது. பழைய படம் பல பத்தாண்டுகளில் திரும்பத் திரும்பத் திரைக்கு வந்தது. அது முதலில் வெளிவந்தபோது வீடுகளில் தொலைக்காட்சி இல்லை. ஒரே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பகுத்தறிவாகாது; அளவுகோலையும் அளந்து பார்ப்பதே பகுத்தறிவு.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். படம் எப்படி வெளிவந்தது?

1915-ல் கிரிஃபித் எடுத்த 'த பர்த் ஆஃப் எ நேஷன்' அமெரிக்கப் பெருநகரங்களின் சிறந்த அரங்குகளில், இருக்கை முன்பதிவுடன், இரண்டு டாலர் வரை கட்டணத்துடன் காட்டப்பட்டது. 'ரோட் ஷோ' என்று இம்முறைக்குப் பெயர். பல மாநிலங்களுக்கான உரிமை, நம் பட வணிகர்கள் 'ஏரியா' என்று விற்பதைப் போலவே, ஒரு தொகைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் எவ்வளவு ஈட்டினார் என்பது வாங்கியவருக்கே வெளிச்சம். எனவே அப்படத்தின் முழு வசூல் எந்தப் பேரேட்டிலும் ஒருசேரப் பதிவாகவில்லை. பின்னர் ஏணிமுறை வந்தது. பெருநகரின் பேரரங்கு முதற்படி; சில வாரம் கழித்துப் புறநகர் அரங்கு; இன்னும் சில வாரம் கழித்துச் சிற்றூர். படி இறங்க இறங்கக் கட்டணமும் இறங்கும், படச்சுருளும் தேய்ந்திருக்கும். பணமுள்ளவன் முதலில் காண்பான். ஏழை கடைசியில் காண்பான்.

இந்த ஏணி எவர் கையில் இருந்தது? பாரமவுண்ட், லோயஸ், ஃபாக்ஸ், வார்னர், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து நிறுவனங்களின் கையில்! படத்தை எடுப்பவரும் அவரே, பகிர்ந்தளிப்பவரும் அவரே, பெருநகர அரங்குகளுக்கு உடையவரும் அவரே. 92 பெரிய நகரங்களின் முதல்வெளியீட்டு அரங்குகளில் நூற்றுக்கு எழுபது இவர்களின் ஆளுகையில் இருந்தன. சிறு அரங்குக்காரர் ஒரு நல்ல படம் கேட்டால், நாலைந்து சொத்தைப் படங்களையும் சேர்த்து வாங்கு என்று கட்டாக நீட்டினர். 1948 மே 3-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை முறைகேடு என்று தீர்ப்பளித்தது. அரங்குகளைப் படநிறுவனங்கள் கைவிட நேர்ந்தது. அந்தத் தீர்ப்பின் வழிவந்த கட்டுப்பாடுகளை 2020-ல் இன்னொரு நீதிமன்றம் முடிவுக்குக் கொண்டுவந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ளவேண்டும்.

ஏணியில் படிப்படியாக இறங்காமல் எங்கும் ஒரே நேரத்தில் கொட்டும் முறைக்கு வழிகாட்டியவர்களுள் நம் ஊர்க்காரரும் உண்டு. 1948-ல் ஜெமினி வாசன் தம் 'சந்திரலேகா'வின் இந்திப் பதிப்புக்கு 600-க்கு மேற்பட்ட பிரதிகள் எடுத்துப் பரப்பினார். அமெரிக்காவில் இம்முறை நிலைபெற்றது 1975 ஜூன் 20-ல். 'ஜாஸ்' 400-க்கு மேற்பட்ட அரங்குகளில், தொலைக்காட்சி விளம்பர முழக்கத்துடன், ஒரே நாளில் வெளியானது. இரண்டே ஆண்டு கழித்து 'ஸ்டார் வார்ஸ்' 32 அரங்குகளில்தான் தொடங்கியது; பார்த்தவர் சொல்லிப் பாராதவர் வந்தனர். எனினும் வணிகர் நெஞ்சில் நின்றது ஜாஸ் காட்டிய வழியே.

அதன் விளைவைக் கணக்கே காட்டும். 1997-ல் 'டைட்டானிக்' அமெரிக்காவில் முதல் வார இறுதியில் ஈட்டியது 2 கோடியே 86 லட்சம் டாலர். முதல் ஓட்டத்தின் முழு வசூலோ 60 கோடி. அதாவது தொடக்கம் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 'எண்ட்கேம்' முதல் மூன்று நாளில், 4,600-க்கு மேற்பட்ட அரங்குகளில், 35 கோடிக்கு மேல் ஈட்டியது. முழு வசூலில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்! படம் நன்றா தீதா என்று ஊர் பேசி முடிப்பதற்குள் பெட்டி பாதி நிறைந்துவிடுகிறது. முதல் மூன்று நாள் வசூல் என்பது படத்துக்கு மக்கள் தந்த தீர்ப்பா? விளம்பரத்துக்கும் அரங்கு எண்ணிக்கைக்கும் கிடைத்த விளைச்சலா? எண்ணிப் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு வாசலின் காவலரும் மாறுகின்றனர். சீனா 1994-ல் ஆண்டுக்குப் பத்து அயல்நாட்டுப் படங்களையே வசூல் பங்குமுறையில் ஏற்கத் தொடங்கியது. 2012-ல் அது 34 ஆயிற்று. 2025-ல் 'நே சா 2' 200 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதில் மிகப்பெரும் பகுதி சீனாவிலேயே கிடைத்தது. உலகப் பட்டியலில் ஏறிய அந்த எண், உண்மையில் ஒரு நாட்டின் எண். பிரான்சிலோ 1948 முதல் ஒவ்வொரு சீட்டின்மீதும் ஒரு வரி. அது படக்கலை வளர்ச்சிக்கே திரும்புகிறது. அமெரிக்கப் படம் ஓடினாலும் பிரெஞ்சுக் கலைஞனுக்கு அதில் ஒரு துளி உண்டு.

இனி மூன்றாவது கேள்வி. நெஞ்சைச் சுடும் கேள்வி அதுதான். வாசலில் எவர் நிறுத்தப்பட்டனர்?

'த பர்த் ஆஃப் எ நேஷன்' கறுப்பின மக்களைக் கொடியவராக்கி, முகமூடிக் கொலைக்கூட்டமான கூ க்ளக்ஸ் க்ளானை வீரராக்கிய படம். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் எதிர்த்தது, கல்லா எதிர்க்கவில்லை. அதே 1915-ல் மடிந்துகிடந்த க்ளான் மீண்டும் எழுந்தது. 1939 டிசம்பரில் அட்லாண்டா நகரில் 'கான் வித் த விண்ட்' முதற்காட்சி. அதில் நடித்த ஹாட்டி மக்டானியல் அந்த விழாவுக்கு வர முடியவில்லை. ஏன்? அவர் கறுப்பினப் பெண். அம்மாநிலத்தின் நிறவெறிச் சட்டம் குறுக்கே நின்றது. 1940-ல் ஆஸ்கார் விருது பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே. அந்த விருந்திலும் தனி மேசையில்தான் அமர்த்தப்பட்டார். அப்படத்தின் வசூலில் அவர் உழைப்பு உண்டு. அவ்வரங்கின் வாசலில் அவருக்கு இடம் இல்லை!

கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ, ஊர் ஊராகச் சென்று அரங்குக்காரர்களைக் கண்டு முன்பணம் திரட்டிப் படமெடுத்தவர். 1920-ல் அவர் எடுத்த படத்தின் பெயருக்கு, 'நம் வாயில்களுக்குள்' என்று பொருள். நிறவெறிக் கும்பல் கொலைகளைத் திரையில் காட்டிய அப்படத்துக்குச் சிகாகோவில் தணிக்கையாளர் தடை போட்டனர், வெட்டுகளோடுதான் வெளிவந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அது தொலைந்தே போயிற்று. ஸ்பெயின் நாட்டில் ஒரு பிரதி கிடைத்து, 1993-ல் சீரமைக்கப்பட்டது. வசூல் வரிசையில் அதற்கு இடமில்லை. மக்கள் விரும்பவில்லை என்றா பொருள்? வாசல் திறக்கவில்லை என்று பொருள்!

இன்று வாசல் வீட்டுக்கூடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் சாவி? 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், இரண்டு நிமிடம் பார்த்தாலே ஒரு பார்வை என்று அறிவித்தது; 2021-ல் பார்த்த மணிநேரம் என்று மாற்றியது; 2023-ல் மணிநேரத்தைப் பட நீளத்தால் வகுத்தது. அளக்கப்படுபவனே அளவுகோலை மூன்று முறை மாற்றுகிறான். கடைக்காரனே படிக்கல்லைச் செதுக்கிக்கொள்கிறான்.

எனவே, தோழர்களே, எண்ணை வெறுக்க வேண்டாம்; எண்ணை விசாரியுங்கள். தலையா, பணமா? கட்டணம் என்ன? அரங்குகள் எத்தனை? கதவு எவர் கையில்? வெளியே நின்றவர் எவர்? இவ்வைந்துக்கும் விடை சொல்லாத வசூல் வெற்று முழக்கம். அந்த முழக்கத்துக்குக் கைதட்டும் முன், பட்டியலில் இடம்பெறாத படங்களையும், சீட்டு வாங்க இயலாமல் வாசலில் நின்ற மக்களையும் நினையுங்கள். அவர்களையும் சேர்த்து எண்ணும்போதுதான் கணக்கு வரலாறாகும்.