ஹூபர் எவ்வாறு ஹூவர் ஆனார்? ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரின் இடப்பெயர்வு வரலாறு

அமெரிக்காவின் 31-ஆவது குடியரசுத் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர். அவருடைய குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் பிறந்ததன்று. ஹூபர் என்னும் ஜெர்மன் பெயரின் மற்றொரு வடிவம். இத்தகைய மாற்றங்களுக்கு அமெரிக்காவில் ஒரு விளக்கம் வழிவழியாகச் சொல்லப்படுகிறது: எல்லிஸ் தீவில் அமர்ந்திருந்த எழுத்தர், வந்தவரின் பெயரைத் தவறாகக் கேட்டுத் தவறாக எழுதிவிட்டார் என்பதே அது. ஆனால் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது 1892-இல். அங்கிருந்த அலுவலர்களும் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் நிறுவனங்கள் முன்னரே அணியமாக்கி அனுப்பிய பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தனர். ஹூவரின் மூதாதையான ஆண்ட்ரியாஸ் ஹூபர் அமெரிக்க மண்ணில் கால் வைத்ததோ 1738-இல். ஆகவே இம்மாற்றத்திற்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

பெயரின் வேர் நிலத்தில் இருக்கிறது. இடைக்கால ஜெர்மன் வேளாண் சமூகத்தில் ஓர் உழவர் குடும்பம் பிழைப்பதற்குப் போதுமான நிலம் ஓர் அலகாகக் கணக்கிடப்பட்டது. தென்பகுதியில் அதற்கு ஹூபே என்றும் வடபகுதியில் ஹூஃபே என்றும் பெயர். அதன் பரப்பளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஹூபே உடையவர் ஹூபர். 12-ஆம் நூற்றாண்டு முதல் குடும்பப் பெயர்கள் படிப்படியாக நிலைபெற்றபோது, ஒருவருடைய நிலவுடைமையைச் சுட்டிய இச்சொல் அவருடைய வழித்தோன்றல்களின் பெயராயிற்று. பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய இடங்களில் இன்றும் இது மிகப் பரவலான பெயர். வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே தோன்றியதால், ஹூபர்கள் அனைவரும் ஒரே குடியினர் அல்லர்.

ஆண்ட்ரியாஸின் குடும்பத்திற்குச் சுவிஸ் வேர் உண்டு. முப்பதாண்டுப் போர் (1618–1648) ரைன் ஆற்றை ஒட்டிய பாலட்டினேட் பகுதியின் மக்கள்தொகையைப் பெரிதும் குறைத்தது. வெறுமையான நிலங்களை மீண்டும் உழுவதற்குச் சுவிட்சர்லாந்திலிருந்து பலர் குடியேறினர். ஆனால் அமைதி நீடிக்கவில்லை. 1689-இல் பிரெஞ்சுப் படைகள் மான்ஹைம், ஸ்பையர், வோர்ம்ஸ் முதலிய நகரங்களை அழித்தன. அடுத்த நூற்றாண்டில் அப்பகுதியிலிருந்து அமெரிக்காவை நோக்கிப் பெருந்திரளான மக்கள் புறப்பட்டனர். ரைன் வழியே ராட்டர்டாம் துறைமுகம், அங்கிருந்து ஓர் ஆங்கிலத் துறைமுகம், பின்னர் பிலடெல்பியா என்பதே அவர்களின் வழக்கமான தடம். எல்லர்ஷ்டாட் என்னும் பாலட்டினேட் ஊரிலிருந்து சென்ற ஆண்ட்ரியாஸும் இப்பெயர்வில் ஒருவர்.

1727 முதல் பென்சில்வேனியாவில் வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்கள் பிரித்தானிய அரசரிடம் பற்றுறுதி மொழி எடுக்க வேண்டியிருந்தது. இதனால் ஒரே கப்பலுக்கு இருவகைப் பதிவுகள் எஞ்சின: கப்பல் தலைவர் அளித்த பயணியர் பட்டியல் ஒன்று, உறுதிமொழி எடுத்தவர்கள் தாமே கையெழுத்திட்ட பட்டியல் மற்றொன்று. முன்னது பெரும்பாலும் ஆங்கிலச் செவி கேட்டது. பின்னது ஜெர்மன் கை எழுதியது. ஒரே மனிதரின் பெயர் இரண்டிலும் வெவ்வேறாக அமைவது இயல்பு. 'சரியான' எழுத்துக்கூட்டல் என்ற ஒன்று அன்று ஜெர்மன் நாடுகளிலேயே உறுதிப்படவில்லை. ஜெர்மனி முழுமைக்குமான குடிமைப் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது 1876-இல்தான்.

மாற்றத்தின் திறவுகோல் ஒலியியலில் உள்ளது. ஹூபர் என்பதில் இரு உயிரொலிகளுக்கு இடையே நிற்கும் பகர ஒலி ஆங்கிலேயருக்கு அயலானதன்று. அவ்வொலியை வகரமாக்க வேண்டிய தேவை ஆங்கிலத்தில் இல்லை. ஆனால் பாலட்டினேட் வட்டார வழக்கில் உயிரிடைப் பகரம் மெலிந்து வகரமாகவே ஒலிக்கும். ஆண்ட்ரியாஸின் ஊரில் ஹூபர் என்று எழுதப்பட்ட பெயர் ஹூவர் என்றே அழைக்கப்பட்டது. சுவிஸ் வழக்கிலோ பகரம் மெலிவதில்லை. முதல் உயிரும் 'ஹுஅ' என இரட்டித்து ஒலிக்கும். எனவே ஹூவர் என்னும் வடிவம், இக்குடும்பம் கடைசியாக வாழ்ந்த மண்ணின் பேச்சைத் துல்லியமாகக் காட்டுகிறது. நெசவாளரைக் குறிக்கும் வேபர் என்ற பெயர் அமெரிக்காவில் வீவர் ஆனதற்கும் இதே ஒலிமாற்றம் துணைநின்றது. அங்கே ஆங்கிலச் சொல்லின் பொருளும் உடன் பொருந்தியது. ஏட்டு வடிவத்தை இழந்த பெயர் பேச்சு வடிவத்தைக் காத்துக்கொண்டது. இதைச் சிதைவு என்பது எழுத்தை மட்டுமே மொழியாகக் கருதும் பார்வை.

ஆண்ட்ரியாஸ் பென்சில்வேனியாவிலிருந்து மேரிலாந்துக்கும் பின்னர் வட கரோலினாவுக்கும் பெயர்ந்தார். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த அவருடைய வழித்தோன்றல்கள் ஒஹையோவுக்கும் அயோவாவுக்கும் சென்றனர். அங்கே வெஸ்ட் பிராஞ்ச் என்னும் சிற்றூரில், 1874-இல், ஒரு கொல்லரின் மகனாக ஹெர்பர்ட் பிறந்தார். 1917-இல் அமெரிக்கா ஜெர்மனியுடன் போரில் இறங்கியதும் ஜெர்மன் பெயர்கள் ஐயத்திற்கு உள்ளாயின. பல குடும்பங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. ஹூவர் பெயரிலேயே துப்புரவுக் கருவி உருவாக்கிய நிறுவனம் இயங்கிய ஒஹையோவின் நியூ பெர்லின் என்னும் ஊர், 1918-இல் நார்த் கான்டன் ஆயிற்று. அதே காலத்தில் ஹெர்பர்ட் ஹூவர் அமெரிக்க அரசின் உணவு நிர்வாகத் தலைவராக விளங்கினார். உணவைச் சிக்கனப்படுத்துவதற்கு அவர் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் வழங்கியது. ஊரின் பெயரில் தெரிந்த ஜெர்மனியம் அவர் பெயரில் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

1929-இல் தொடங்கிய பெருமந்தத்தில் வீடிழந்தோர் தகரத்தாலும் பலகையாலும் எழுப்பிய குடிசைத் தொகுதிகளை மக்கள் 'ஹூவர்வில்' என்று ஏளனமாக அழைத்தனர். ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தை உடையவர் என்ற பொருளில் பிறந்த சொல், நெடுந்தொலைவையும் பல தலைமுறைகளையும் கடந்து, நிலமற்றோர் குடியிருப்பின் பெயராக வந்து நின்றது. பெயர்கள் தம் முதற்பொருளை மறந்துவிடலாம்; தாம் கடந்து வந்த வழியின் ஒலியை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.