புழுவுக்கு ஒரு சரணாலயம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்புக்குப் போயிருக்கிறீர்களா? சாம்பல்நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமான மலைக்காடு. கீழே இறங்கினால் பருத்தி விளையும் பூமி. அணிலுக்குச் சரணாலயம் சரி... பருத்திக்காயைத் துளைக்கிற புழுவுக்கும் ஒன்று வைக்கச் சொன்னார்கள், தெரியுமா?

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி தந்தது. மண்ணில் வாழும் பாக்டீரியாவின் ஜீனைச் செடிக்குள் ஏற்றி, தின்கிற காய்ப்புழு சாகும்படி செய்த விதை. அப்போது 450 கிராம் பாக்கெட் சுமார் 1,600 ரூபாய். கூடவே 120 கிராம் சாதா விதை! வயலோரத்தில் அதை விதைக்க வேண்டியிருந்தது. ஏன்? எந்த விஷத்துக்கும் சாகாத புழு ஒன்றிரண்டு இருக்கும். அது அந்துப்பூச்சியாகி, சாதா செடியில் வளர்ந்த பூச்சியோடு சேர்ந்தால், குட்டிகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி முழுசாகப் போகாது.

இரண்டு ஏக்கர்காரர் புழுவுக்குப் பந்தி வைப்பாரா? பல இடங்களில் பொட்டலம் குப்பைக்குப் போனது. அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. நஷ்டம் அவருக்கு, நன்மை ஊருக்கு!

குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஜெயித்துவிட்டதை 2010-ல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. இரண்டு ஜீன் விதைக்கும் பிறகு அதே கதி. மருந்துச் செலவு திரும்பி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகம் என்றால் விதையை எடுத்து வைத்து மறுவருஷம் போடலாம். பி.டி. வந்ததோ வீரிய ஒட்டு விதையாக. வருஷா வருஷம் கடைக்குத்தான் போக வேண்டும்.

2016-ல் அரசு வேறு வழி செய்தது. சாதா விதையையும் பி.டி. விதையையும் ஒரே பையில் கலந்து விற்கலாம். இனி பிரித்து எறிய முடியாதே!