அரிய நிகழ்வுப் பாவனையாக்கம்

கோடியில் ஒருமுறை நடக்கும் ஒன்றைக் கணினிக்குள் வேண்டிய தடவை நடத்திப் பார்ப்பது, ஆனால் அது கோடியில் ஒன்றுதான் என்ற உண்மை கணக்கில் சிதையாமல் காப்பது: இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் முறைகளே அரிய நிகழ்வுப் பாவனையாக்கம். துகள் சிதைவு ஆய்வும் அணு உலைக் கவச வடிவமைப்பும் இதை நம்பி இருக்கின்றன. செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கல்பாக்கத்துக்கு இதன் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

1946-இல் கணிதவியலர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிவரும்போது தனியாகச் சீட்டாடிப் பொழுதைப் போக்கினார். ஆட்டம் கூடிவரும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரத்தால் கண்டுபிடிக்க முயன்று அலுத்துப்போனவர், பல தடவை ஆடி எண்ணிவிடலாமே என்று யோசித்தார். ஜான் வான் நியூமன் அந்த யோசனையை நியூட்ரான்களுக்குப் பொருத்தினார். 1948-இல் எனியாக் கணினியில் முதல் கணக்குகள் ஓடின. மறு ஆண்டு மெட்ரோபோலிஸும் உலாமும் வெளியிட்ட கட்டுரை, சூதாட்ட விடுதிக்குப் பேர்போன மான்டி கார்லோவின் பெயரை இந்த முறைக்கு நிலைக்கச் செய்தது.

சிக்கல் உடனே தெரிந்தது. அணு உலையின் தடித்த கவசச் சுவரைத் தாண்டும் நியூட்ரான் மிக அரிது. ஆனால் சுவருக்கு வெளியே நிற்கும் ஊழியருக்கு அந்த அரிய நியூட்ரான்தான் ஆபத்து. 1950 வாக்கில் ராண்ட் நிறுவனத்தின் ஹெர்மன் கான் ஒரு தீர்வை விரிவாக வகுத்தார். வாய்ப்பு விதியை வேண்டுமென்றே ஒருபக்கம் சாய்த்துக்கொள்வது. சாய்த்த அளவுக்கு ஈடாக ஒவ்வொரு துகளுக்கும் ஒரு எடை கொடுத்துப் பிழையைக் கழிப்பது. வேடந்தாங்கல் ஏரியில் அபூர்வப் பறவை ஒன்றைக் கணக்கெடுப்பவர், நத்தைகுத்தி நாரைகள் அடைந்து கிடக்கும் மரங்களை விட்டு அந்தப் பறவை தங்கும் மூலைக்கே அதிகம் போவார். பிறகு அந்தச் சலுகையைக் கணக்கில் குறைத்துக்கொள்வார். அதுபோலத்தான்.

1971-இல் உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய கல்பாக்கம் நிலையம், 1985-இல் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் அதிவேக ஈனுலையில் தொடர்வினை தொடங்கியது. கவசக் கணக்கு அங்கே அன்றாட வேலை. அங்கு பணியாற்றிய கே.பி.என். மூர்த்தி இந்தச் சாய்வு முறைகளை ஆராய்ந்தார். 2000-ஆம் ஆண்டில் மான்டி கார்லோ அடிப்படைகள் பற்றி அவர் எழுதிய கையேட்டை இந்தியக் கதிர்வீச்சு இயற்பியல் சங்கத்தின் கல்பாக்கம் கிளை வெளியிட்டது. அடுக்குச் சாய்வு என்ற உத்தியை அதில் எளிமையாக விளக்குகிறார்.

அதன் பலத்தைக் கைக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரு மோதல்களுக்கிடையே நியூட்ரான் சராசரியாகச் செல்லும் தூரம்தான் மோதலிடைத் தூரம்; சுவரின் தடிமன் அதுபோல் 20 மடங்கு என்று வைப்போம். எதிலும் மோதாமல் அதைக் கடக்கும் நியூட்ரான் சுமார் 48.5 கோடியில் ஒன்று. உள்ளது உள்ளபடி ஓடவிட்டால், விடையில் பிழை 10 சதவீதத்துக்குள் வர சுமார் 4,850 கோடி நியூட்ரான்கள் தேவை. மோதலிடைத் தூரத்தைப் பத்து மடங்கு நீட்டிவிட்டால் 100-க்கு 13 அல்லது 14 கடந்துவிடும்; கடந்த ஒவ்வொன்றையும் சுமார் 6.57 கோடியில் ஒரு பங்காக மட்டும் எண்ண வேண்டும். விடை அதேதான். தேவைப்படும் நியூட்ரான்களோ ஏறத்தாழ 640!

இந்த உத்தியை மந்திரக்கோலாக நினைத்துவிடக் கூடாது. நியூட்ரான் மோதித் திசைமாறும் நிஜச் சுவரில் அளவுமீறிச் சாய்த்தால், மிகப் பெரிய எடையுள்ள துகள் எப்போதாவதுதான் தலைகாட்டும். அது வரும்வரை விடை குறைவாகவும் நிலையாகவும் தெரிந்து ஏமாற்றும்.

துகள் இயற்பியலில் நிலைமை சற்றே வேறு. பி-எஸ் மீசான் என்ற துகள் இரண்டு மியூவான்களாகச் சிதைவது சுமார் 27 கோடியில் ஒருமுறை. செர்ன் துகள் ஆய்வகத்தின் சி.எம்.எஸ்., எல்.எச்.சி.பி. குழுக்கள் இதைக் கண்டறிந்ததை 2015-இல் கூட்டாக வெளியிட்டன. கணினியில் இந்தச் சிதைவைப் பிறப்பிப்பது ஒன்றும் கடினமில்லை. பாபார் என்ற துகள் சோதனைக்காக ஆண்டர்ஸ் ரைடும் டேவிட் லாங்கேயும் எழுதிய எவ்ட்ஜென் நிரலில், மீசான் இப்படித்தான் சிதைய வேண்டும் என்று கட்டளை கொடுத்தால் போதும். அரியதைப் போல வேடம் போடும் சாதாரணச் சிதைவுகளைப் போதிய அளவு திரட்டுவதுதான் பெரும் செலவு. அவற்றையும் 1998-இல் வெளிவந்த ஜியன்ட்4 போன்ற நிரல் வழியே உணர்கருவியின் ஒவ்வொரு அடுக்கிலும் ஓட்டியாக வேண்டும். அப்படி ஓட்டியவற்றில் பெரும்பகுதி பகுப்பாய்வின் முதல் சல்லடையிலேயே கழிந்துவிடும்.

உணர்கருவிக் கணக்கின் செலவைக் குறைக்க எல்.எச்.சி.பி. குழு 2018-இல் ஒரு குறுக்குவழியை வெளியிட்டது. மோதலின் மற்றப் பகுதியை ஒருமுறை மட்டும் கணித்து வைத்துக்கொண்டு, ஆய்வுக்குரிய துகளை மட்டும் மீண்டும் மீண்டும் சிதையவிடுவது. வேகம் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடியது.

ஜப்பானின் சுகுபாவில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்கும் பெல்-2 சோதனை வேறு வழியில் போனது. பிறப்பிக்கப்பட்ட நிகழ்வு சல்லடையில் தேறுமா என்பதை, உணர்கருவிக் கணக்குக்கு அனுப்பும் முன்பே ஒரு நரம்பியல் வலைப்பின்னல் ஊகிக்கிறது. தேறாது என்று தோன்றுவதை அப்படியே வெட்டினால் மிச்சம் ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. அதனால் குறைந்த வாய்ப்புள்ளவற்றிலும் சிலவற்றை விட்டுவைத்து, அவற்றுக்குக் கூடுதல் எடை தருகிறார்கள். கானின் காலத்துக் கணக்கு நரம்பியல் வலையோடு திரும்பி வந்திருக்கிறது. பி மீசான் ஒரு கே மீசானாகவும் கண்ணில் படாத இரு நியூட்ரினோக்களாகவும் சிதைவதற்கான முதல் சான்றை 2023-இல் இதே பெல்-2 அறிவித்தது. அளந்த வீதம் கோட்பாடு சொன்னதைவிடக் கூடுதலாக இருந்தது. அந்த உபரி உண்மையா, பின்னணிக் கணக்கின் பிசகா என்று பிரித்தறியப் புதிய தரவோடு இன்னும் பெரிய பாவனைத் தொகுப்புகளும் தேவைப்படுகின்றன.