ப்ளாக் பத்திரம், படம் குப்பை

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தபோது, பீரோவிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினேன். ஆறு கட்டங்கள் கொண்ட சித்திரக்கதைப் பக்கம். அச்சடித்தது அல்ல, ஓவியர் தன் கையால் இந்தியன் இங்க்கில் வரைந்த ஒரிஜினல். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இதைப் போய் ஏன் லேமினேட் பண்ணினீங்க?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை.

1969இல் சென்னையில் ஒரு ப்ளாக் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்திரிகைகளுக்குத் துத்தநாக ப்ளாக் செய்துகொடுக்கும் இடம். ஓவியர்கள் படத்தை அச்சில் வரும் அளவைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து அனுப்புவார்கள். சுருக்கும்போது கோடு திருத்தமாக விழும், சின்னக் கைப்பிசகுகள் மறைந்துவிடும். படத்தைக் கேமராவின் முன் பலகையில் மாட்டி, ஆர்க் விளக்கு போட்டு நெகடிவ் எடுப்போம். அதைத் துத்தநாகத் தகட்டில் பதித்து நைட்ரிக் அமிலத்தில் அரிக்கவிட்டு, மரக்கட்டையில் ஆணி அடித்தால் ப்ளாக் தயார்.

ப்ளாக் அச்சகத்துக்குப் போய்விடும். அச்சான பிறகும் நம்பர் போட்டு அலமாரியில் வைப்பார்கள். மறுபடி உபயோகப்படலாம், இல்லையென்றால் எடைக்குப் போட்டாலும் காசு வரும். படத்துக்கு அந்த மதிப்பு இல்லை. அதன் முதுகில் "3 காலம், அவசரம்" என்று யாராவது கிறுக்கியிருப்பார்கள். ஒரு மூலையில் அடுக்கி வைப்போம். கேட்டு வந்த ஓவியர்கள் மிகக் குறைவு. மழைக்காலத்தில் ஒழுகும் இடத்தில் விரிக்கவும், அமிலத் தொட்டிக்குக் கீழே போடவும் அந்த அட்டைகள்தான். நானே விரித்திருக்கிறேன்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவிலும் காமிக்ஸ் கம்பெனிகள், பக்கத்துக்குக் கூலி கொடுத்தாயிற்று, காகிதமும் எங்களுடையதே என்றுதான் பல காலம் நினைத்தார்கள். மார்வெல் கம்பெனி ஓவியர்களுக்கு ஒரிஜினலைத் திருப்பித் தர ஆரம்பித்ததே 1970களின் நடுவில்தான். அதற்கு முன் வரைந்ததைக் கேட்டு ஜாக் கர்பி பல வருடம் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. 1987இல் அவருக்குக் கிடைத்தவை சுமார் 2,000 பக்கங்கள். அவர் அங்கே வரைந்ததோ அதைப்போலப் பல மடங்கு.

ஆனால் 2008இல் ஒரு அதிசயம் நடந்தது. ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் வருட இதழுக்கு ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 ஒரிஜினல் பக்கங்களை, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரசுக்கு இனாமாகக் கொடுத்தார். அந்தப் பக்கங்கள் ஏலத்துக்குப் போயிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நம்மில் பலர் 1972இல் முத்து காமிக்ஸில் 'இரும்புக்கை மாயாவி' படித்து வளர்ந்தவர்கள் (நான் வேலைக்குப் போன பிறகும் படித்தேன், அது வேறு விஷயம்). லண்டன் வார இதழ் ஒன்றுக்காக ஸ்பெயின்காரர் ஹெசூஸ் ப்ளாஸ்கோ வரைந்தது அது. வார இதழ்த் தொடர்கதைகளையும் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பைண்டு பண்ணி வைத்தோம். அத்தனையும் அச்சுப் பிரதிதான். ஒரிஜினல் என்று ஒன்று இருக்கும் என்று வாசகர் யாருக்கும் தோன்றியதில்லை.

பட்டறை மூடும் சமயத்தில் அந்த மூலையிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்த ஒரு பக்கம்தான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு பழைய ஃபைலுக்குள் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. பிறகுதான் எனக்கு அக்கறை வந்தது. 1990களில் தெருவுக்குத் தெரு லேமினேஷன் கடை முளைத்தது ஞாபகம் இருக்கும். மார்க் ஷீட், ஜாதகம், தாத்தா போட்டோ எல்லாம் அந்தச் சூட்டு உருளைக்குள் போய் வந்தன. இதையும் கொடுத்தேன். வெளியே வந்தபோது பளபளவென்று இருந்தது. ஒட்டியிருந்த வசனத் துண்டுகளின் பசை மட்டும் சூட்டில் இளகிப் பழுப்பாகப் பரவியிருந்தது. இன்று அந்தக் கறை ஓவியத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் சேர்ந்து வரும்.

எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. பெரியவர்களும் இதே தவறைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ என்பவர் 1930களிலேயே பழைய ஆவணங்களை செல்லுலோஸ் அசிடேட் தாளுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் மெஷின் இல்லாமல், அசிடோன் தடவிக் கையாலேயே அதைச் செய்யும் வழி கண்டார்கள். காகிதத்துக்குள் இருக்கும் அமிலம் அப்படியே உள்ளே பூட்டப்படுகிறது என்பதைப் பின்னால் உணர்ந்து, முதலில் அமிலத்தைப் போக்க வேண்டும் என்று சொன்னவரும் அதே பாரோதான். சூட்டில் ஒட்டும் முறை பிறகு கைவிடப்பட்டது. 1970களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வேறு வழிக்கு மாறியது. இரண்டு பாலியஸ்டர் தாள்களுக்கு நடுவில் காகிதத்தை வைத்து ஓரத்தை மட்டும் ஒட்டுவது. காகிதத்தில் எதுவும் ஒட்டாது. வேண்டாம் என்றால் ஓரத்தை வெட்டி வெளியே எடுத்துவிடலாம்.

இந்தியன் இங்க் கரியால் ஆனது. வெளிச்சத்தில் அவ்வளவு சுலபமாக மங்காது. கெடுவது மற்றவைதான். மட்டமான அட்டை தன் அமிலத்தாலேயே பழுக்கும். செல்லோ டேப் சில வருடங்களில் உதிர்ந்து, பசைக்கறையை விட்டுப் போகும். ஸ்கெட்ச் பேனா நிறமும் வாட்டர் கலரும் ஜன்னல் எதிரே மாட்டினால் வெளிறும். கடையில் கிடைக்கும் சாதா பிவிசி கவரில் மை ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றுவது எல்லாவற்றிலும் மோசம், அதன் அமிலம் படத்துக்கு ஏறிவிடும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் ஈரம்தான் முதல் எதிரி. காற்றில் ஈரம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நமக்கு வருடத்தில் பாதி நாள் அப்படித்தான். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரணில் சூடு, குளியலறைச் சுவரை ஒட்டினால் ஈரம், தரையில் வைத்தால் 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம். நடு அறையில் இரும்பு பீரோவின் மேல்தட்டில், சுருட்டாமல், அமிலமில்லாத அட்டை உறையில் படுக்க வைப்பதே நல்லது. மர அலமாரி வேண்டாம். சுவடிக் கட்டுகளில் வைப்பதுபோல வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், காகிதத்தில் படக்கூடாது. பூச்சி மருந்தை மேலே அடிக்கவே கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மழை இல்லாத நாளில், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு திறந்து பார்க்க வேண்டும். இராமபாணப் பூச்சி வந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நல்ல நகல் எடுத்து அதை மாட்டுங்கள்.

என் பக்கத்தை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று தங்கை மகனும் சொல்லிவிட்டான். பெரிய ஸ்கேனரில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுத்து வந்தான். பின்பக்கத்தில் பிளாஸ்டிக்குக்குக் கீழே, "3 காலம்" என்று நீலப் பென்சிலில் எழுதியது தெளிவாகத் தெரிகிறது. அது என் கையெழுத்து.